அந்தப் பச்சையை அடித்தவர்

என் சித்தி பிறந்தது ஒரு மாளிகையின் வரவேற்பறையில். கேட்பவர்கள் வாயைப் பிளக்க வேண்டிய செய்திதான். ஆனால் சித்தி தன் வாழ்நாளில் வாய்க்குள்ளேயே பூட்டி வைத்திருந்தது இந்த ஒன்றைத்தான். மற்றபடி அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. சின்ன வயதில் அம்மா அவளுக்கு வைத்த பெயர் மைக்செட்.

மாளிகை என்றால் தோட்டம், வாசலில் கல் சிங்கம் எல்லாம் இல்லை. நெருக்கமான தெருவில், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்களோடு தோள் உரசி நிற்கும் மூன்று மாடி வீடு. கட்டியவர் ஒரு பிரெஞ்சுத் துணி வியாபாரி. கீழே குதிரை வண்டி நுழைகிற அளவுக்குப் பெரிய கதவு. அதைத் தாண்டினால் கல் பாவிய முற்றம். முற்றத்தின் ஓரத்திலிருந்து வளைந்து ஏறும் படிக்கட்டு, அதன் இரும்புக் கைப்பிடி முழுக்கக் கொடிகளும் சுருள்களும். முதல் மாடியில், தெருவைப் பார்த்தபடி வரவேற்பறை. கூரையில் சுண்ணாம்புச் சாந்தில் செய்த பூவளையம், அதன் நடுவில் சரவிளக்கு மாட்டும் கொக்கி, சுவரில் சலவைக்கல் கணப்பு, தரையில் சாய்வாகக் கோத்த மரத்துண்டுகள். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு உயரமான மூன்று ஜன்னல்கள். ஒவ்வொன்றுக்கும் வெளிப்பக்கத்தில், பலகைகளைச் சாய்வாக அடுக்கிய இரட்டைக் கதவு.

வியாபாரியின் பேரன்கள் ஒருவரோடு ஒருவர் முறைத்துக்கொண்டு வீட்டை விற்றார்கள். பிறகு அது காப்பீட்டு அலுவலகமாக இருந்தது, மாணவர் விடுதியாக இருந்தது, கொஞ்ச காலம் பூட்டியும் கிடந்தது. கடைசியாக வாங்கியவர் அறை அறையாக வாடகைக்கு விட்டார். வரவேற்பறையை ஒட்டுப்பலகை வைத்து நான்காகப் பிரித்தார்கள். கடைசி ஜன்னல் இருந்த கால் பங்கு எங்கள் தாத்தாவுக்குக் கிடைத்தது. தாத்தா பேருந்துப் பணிமனையில் பெயின்ட் அடிப்பவர். சலவைக்கல் கணப்புக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு, சரவிளக்குக் கொக்கியிலிருந்து ஜன்னல் வரை துணி காயப்போடும் கயிறு. அங்கேதான் என் அம்மா நடந்து பழகினாள், அங்கேதான் சித்தி பிறந்தாள்.

குடித்தனக்காரர்களுக்கு அந்த வளைந்த படிக்கட்டில் ஏற உரிமை இல்லை. வீட்டுக்காரரின் ஆள் அதை மரச்சட்டம் அடித்து மறைத்து வைத்திருந்தான். பின்சந்திலிருந்து, சமையற்கட்டு வழியாக, வேலைக்காரர்களுக்கென்று கட்டிய இருட்டுப் படியில்தான் எல்லோரும் ஏறவேண்டும். ஒருமுறை சித்தியின் பள்ளித் தோழி ஒருத்தி, "நீ பெரிய பங்களாவுலயா இருக்க?" என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டு கூடவே வந்துவிட்டாள். சந்து, பொதுக் கழிப்பறை, இருட்டுப் படி எல்லாம் கடந்து, போர்வைத் திரையை விலக்கி உள்ளே நுழைந்த பிறகும் அவள் சுற்றிச்சுற்றிப் பார்த்திருக்கிறாள்.

"உங்க வீடு எங்கடி?"

"இதுதான்."

"இது மூலைடி. வீடு எங்க?"

அதற்குப் பிறகு சித்தி யாரையும் அழைத்து வரவில்லை. யாராவது கேட்டால் எதிர்ச்சாரியில் இருந்த மளிகைக்கடையின் மாடியைக் காட்டினாள். மழைக்காலம் ஒன்றில் பின்சுவர் விரிசல் விட்டு, எல்லோரையும் காலி செய்யச் சொன்னபோது பாட்டி அழுதாளாம். சித்தி பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாளாம். இதை அம்மா சொல்லும்போது அதில் குறை இருக்காது. "அவளுக்கு அந்த வீடு ஒட்டல. எனக்கு ஒட்டிக்கிச்சு" என்பாள், ஏதோ தோசைக்கல்லைப் பற்றிச் சொல்வதுபோல.

சித்தி நன்றாகப் படித்தாள். இரண்டு மொழிகளிலும் அவள் உச்சரிப்பு மணி அடித்ததுபோல இருக்கும். கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த சித்தப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் அதிகம் பேசாதவர், பேச வாய்ப்பும் கிடைக்காதவர். வீட்டில் பிள்ளைகளுக்கு மொழிப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் செய்தித்தாளில் அந்த அறிவிப்பைப் பார்த்தாள். பழைய பிரெஞ்சு வீட்டை ஓர் அறக்கட்டளை எடுத்துச் சீரமைக்கிறது; இரண்டு மொழி தெரிந்த வழிகாட்டிகள் தேவை.

"ஊர்ல வேற வேலையே இல்லையா?" என்றாராம் சித்தப்பா.

"முன்வாசல் வழியா, அந்த வளைஞ்ச படியில, ஒரு தடவையாவது கௌரவமா ஏறணுங்க."

"ஏறிட்டு வந்துடு. வேலைக்கு எதுக்குச் சேரணும்?"

சேர்ந்தாள். நேர்முகத்தில், எல்லோரிடமும் கேட்பதுபோல ஒரு கேள்வி கேட்டார்கள்: இந்த வீட்டோடு உங்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா? "இல்லைங்க. ரோட்டுல போறப்ப பாத்திருக்கேன்" என்றாள் சித்தி. அந்த ஒரு பதிலை நியாயப்படுத்தவே பிறகு அவள் அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

சீரமைப்பைப் பார்த்துக்கொண்டவர் ஒரு கட்டடக் கலைஞர். சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு சுவரிலும் கதவிலும் காசு அளவுக்கு வண்ணத்தைச் சுரண்டுவார். வெங்காயம் உரிப்பதுபோல ஒவ்வொரு அடுக்காக வெளியே வரும். எந்தக் காலத்தில் எந்த நிறம் இருந்தது என்று அதை வைத்துச் சொல்வார். வழிகாட்டிகள் அவருக்குச் சுரண்டல் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். நல்ல மனிதர், தேநீர் கொண்டுவந்தவரிடம்கூட எழுந்து நின்று வாங்குவார்.

வரவேற்பறையின் மூன்று ஜன்னல்களில் இரண்டின் கதவுகள் எப்போதோ விறகாகிவிட்டன. மிச்சமிருந்தது கடைசி ஜன்னலின் கதவு மட்டும். சுரண்டல் சார் அதில் கத்தியை வைத்தபோது, பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சித்தி. மேலே வெளிர்மஞ்சள். அதற்கடியில் பழுப்பு. அதற்கடியில் ஒரு பச்சை, நீருக்கு அடியில் கிடக்கும் பாசியைப்போலக் கொஞ்சம் இருண்ட பச்சை. பச்சைக்கு அடியில் வெறும் மரம்.

"மரத்து மேல பட்ட முதல் நிறம்! வியாபாரி அடிச்ச நிறம் இதுதான்!" என்று அவர் கத்தினார். வேலையாட்கள் கைதட்டினார்கள்.

சித்திக்கு அந்தப் பச்சையைத் தெரியும். அவள் தவழ்கிற வயதில், அந்தக் கதவில் பழைய பெயின்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள். எவ்வளவு அடித்தும் விடவில்லை. வயிற்று வலி வந்து துடித்தாள். தாத்தா பணிமனையிலிருந்து தீ ஊதும் விளக்கை இரவல் வாங்கிவந்து, கதவு முழுவதையும் சுட்டு, மரம் வெளுக்கும்வரை சுரண்டித் தள்ளினார். பிறகு டப்பாக்களின் அடியில் மிஞ்சிய பேருந்துப் பச்சையைக் கொண்டுவந்து, பணிமனைப் பச்சை என்று யாரும் கண்டுபிடித்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் கறுப்பைக் கலந்து அடித்தார். மற்ற கதவுகள் உளுத்து விறகானபோது அது மட்டும் பிழைத்ததும் அந்தப் பூச்சால்தான். பழுப்பும் வெளிர்மஞ்சளும், பின்சுவரைச் சரிசெய்த பிறகு குடிவந்தவர்கள் அடித்தவை.

"சார், அது எங்கப்பா அடிச்சது" என்று ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்துக்கு முன்னால் இன்னொரு வாக்கியம் தேவைப்பட்டது: நான் இங்கே குடியிருந்தவள். அதைச் சொன்னால் நேர்முகத்தில் சொன்னது பொய்யாகும். சித்தி விளக்கை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையால் தன் தொடையில் தட்டி, மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாள்.

அந்தப் பச்சை பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் போகாத உயரத்துக்கெல்லாம் போனது. வீட்டின் மற்ற எல்லா ஜன்னல்களுக்கும் அதே நிறத்தில் புதிய கதவுகள் செய்தார்கள். கையேட்டின் அட்டையிலும் அதே நிறம். தெருவின் பழமையைக் காப்பதற்காக, மற்ற வீட்டுக்காரர்களும் தங்கள் ஜன்னல்களுக்கு அந்தப் பச்சையைத்தான் அடிக்க வேண்டும் என்று நகராட்சி உத்தரவு வந்தது. எதிர்ச்சாரி மளிகைக்காரர் சித்தியைப் பார்க்கும்போதெல்லாம் பிடித்துக்கொள்வார்.

"எந்த மகராசன்மா இந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தான்? கடைக்குள்ள பாசி புடிச்ச மாதிரி இருக்கு. அவன் கண்ணுல என் வெந்தயத்தை அரைச்சு வைக்க."

"வியாபாரிங்க. பழைய காலத்து ரசனை" என்பாள் சித்தி.

வழிகாட்டிகள் சொல்லவேண்டிய உரையை எழுதியவளும் அவளே. குடித்தனக் காலத்தைப் பற்றி அதில் ஒரு பத்தி உண்டு. "பிறகு வந்தவர்களுக்கு இந்த வீட்டின் அருமை தெரியவில்லை. புகையாலும் ஆணியாலும் அழுக்காலும் இதைச் சீரழித்தார்கள்." அறக்கட்டளை கொடுத்த குறிப்பில் இருந்தது, "பல குடும்பங்கள் வசித்தன" என்பது மட்டும். மிச்சம் சித்தி தானாகச் சேர்த்தது. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று, மற்றவர்கள் கிள்ளியிருக்கும் இடத்தில் அவள் குத்தினாள். இதையெல்லாம் பின்னால் அவள் வாயாலேயே கேட்டேன்.

நான் வேறொரு நாட்டில் வேலை செய்கிறேன். விடுமுறைக்கு வந்திருந்தபோது அம்மா ஆரம்பித்தாள். முழங்கால் வலியால் ஊரின் மறுகோடியை விட்டு நகராதவள், செய்தித்தாளில் அந்த வீட்டின் படம் வந்ததிலிருந்து அதைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போ. என் வீட்டைப் பாக்க நானே டிக்கெட் எடுக்கணுமாம், அந்தக் கூத்தையும் பாத்துடறேன்."

இதை அம்மாவே சித்தியிடமும் சொல்லியிருக்க வேண்டும், சித்தியிடமிருந்து உடனே தொலைபேசி வந்தது. "கண்ணு, நீயாவது வேணாம்னு சொல்லக்கூடாதா? சரி, வரட்டும். ஆனா வாயைத் தெறக்கக்கூடாது. நான் அவ தங்கச்சின்னு காட்டிக்கக்கூடாது. அங்க என் மானம் இருக்கு."

எனக்கு எதற்கெடுத்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் பத்துமுறை தொட்டுப் பார்க்கிற ஆள். போகும் வழியெல்லாம் அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன்.

"பேசமாட்டேன்டி. ஊமைச்சி மாதிரி வரேன். போதுமா?"

தெரு திரும்பியதும் அம்மா நின்றுவிட்டாள். வரிசையாக எல்லா வீட்டிலும் அந்தப் பச்சை. அவள் கண்களைச் சுருக்கி, ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள்.

"எங்கப்பா அடிச்ச பச்சைடி இது. போட்டோவுல பாத்தப்பவே நெனச்சேன். அப்படியே வெச்சிருக்காங்க பாரேன்! தெருவுக்கே அடிச்சிருக்காங்க. உன் சித்தி சொல்லியிருப்பா. வாய்தான் அவளுக்கு, மனசுல அப்பா மேல அவ்வளவு."

படம் வந்தபோதே பக்கத்து வீட்டுக்காரிகளிடமெல்லாம் இதைச் சொல்லிவிட்டாளாம். சித்தி முன்பே கொடுத்திருந்த கையேடு என் கையில் இருந்தது. வியாபாரியின் அரிய பச்சை என்று அதன் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது. நான் அதை மடித்துப் பைக்குள் வைத்தேன். சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

சித்தி வாசலில் நின்றாள். கழுத்தில் கைக்குட்டை, மார்பில் அட்டை, பளபளக்கும் காலணி. அம்மாவைப் பார்த்து, "வாங்க, வணக்கம்" என்றாள். அம்மாவும், "வணக்கங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

குழுவில் பத்துப் பேர் இருப்பார்கள். அம்மா அந்த வளைந்த படிக்கட்டில் இரும்புக் கொடிகளைப் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்குக் கெஞ்சிக்கெஞ்சி ஏறினாள். பாதியில் நின்று மூச்சு வாங்கியபோது சித்தி தன்னையறியாமல் இரண்டு படி இறங்கிவந்தாள். பிறகு நினைவு வந்து, அங்கிருந்தே கைப்பிடியின் வேலைப்பாட்டை எல்லோருக்கும் விளக்கினாள்.

வரவேற்பறைக்குள் நுழைந்ததும் அம்மாவின் கண்கள் நேராகக் கடைசி ஜன்னலுக்குப் போயின. ஒட்டுப்பலகை இல்லை, கயிறு இல்லை. கணப்பின் மேல் பெரிய கண்ணாடி. கூரையின் பூவளையம் வெண்ணெயில் செய்ததுபோல இருந்தது. ஒரு மூலையில் மட்டும், பழைய நிலை எப்படி இருந்தது என்று காட்டுவதற்காக, கரி படிந்த ஒரு சிறு சதுரத்தைத் துடைக்காமல் விட்டிருந்தார்கள்.

சித்தி அந்தப் பத்திக்கு வந்தாள். குரல் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. "பிறகு வந்தவர்களுக்கு இந்த வீட்டின் அருமை தெரியவில்லை. புகையாலும் ஆணியாலும் அழுக்காலும் இதைச் சீரழித்தார்கள். நீங்கள் பார்க்கும் கரி அவர்களுடையது."

கழுத்தில் கேமரா மாட்டியிருந்த ஒரு பெரியவர் உச்சுக்கொட்டினார். "சலவைக்கல்லுக்குள்ள அடுப்பு வெச்சாங்களா? மாட்டைக் கட்டியிருந்தாக்கூட இவ்வளவு நாசம் ஆகியிருக்காது." சுற்றிலும் சிரிப்பு. தன் வயதுக்காரி என்பதாலோ என்னவோ, அவர் அம்மா பக்கம் திரும்பினார். "என்னம்மா சொல்றீங்க?"

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் கூரையின் கரியைப் பார்த்தாள், பிறகு தங்கையைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள் அம்மா. "யாரு பெத்த புள்ளைங்களோ."

மறுபடியும் சிரித்தார்கள். சித்திக்கு அடுத்த வாக்கியம் வரவில்லை. கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த சுரண்டல் சார், "ஜன்னல்... ஜன்னல்" என்று மெல்ல எடுத்துக்கொடுத்தார்.

"ஆமா. ஜன்னல்" என்றாள் சித்தி. கடைசி ஜன்னலருகே போனாள். மேல் இரண்டு பூச்சுகளை நீக்கி, பழைய கதவைப் பச்சையோடு அப்படியே மாட்டியிருந்தார்கள். அம்மா எல்லோரையும் முந்திக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நின்றாள். அவள் முகத்தில் எதிர்பார்ப்பு இருந்தது. அவமானத்தை விழுங்கிவிட்டு, அடுத்து வரப்போகும் இனிப்புக்காகக் காத்திருக்கும் முகம்.

"இந்தப் பச்சை" என்று சித்தி தொடங்கினாள். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் காலணியைப் பார்த்தாள். "இந்தப் பச்சை, வீட்டைக் கட்டிய வியாபாரியே தேர்ந்தெடுத்தது. அழிவுகளுக்கெல்லாம் தப்பி, இந்த ஒரு கதவில் மட்டும் அவருடைய ரசனை நமக்குக் கிடைத்திருக்கிறது."

அம்மா கதவின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். எல்லோரும் படம் எடுத்தார்கள். மறைக்காமல் இருக்க அவள் ஒதுங்கி நின்றாள்.

எல்லாம் முடிந்து, முற்றத்தில் கூட்டம் கலைந்த பிறகு சித்தி வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "கால் ரொம்ப வலிக்குதாக்கா?" என்றாள்.

அம்மா கல் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். "என்னைச் சொன்ன. பரவாயில்ல. அம்மாவச் சொன்ன, அவதான் அடுப்பு வெச்சா, அதுவும் பரவாயில்ல. நெஜமாவே கரிதானே. அப்பாவ ஏன்டி?"

"நான் அப்பாவ ஒண்ணும் சொல்லலையேக்கா."

"அதைத்தான் கேக்குறேன்."

சித்தி மார்பிலிருந்த அட்டையைத் திருப்பி வைத்தாள்.

"கையெல்லாம் சுட்டுக்கிட்டு யாருக்காகச் சொரண்டினாரு? எனக்காகவா? நான் பெயின்ட் தின்னேனா? வெள்ளைக்காரத் துரை வந்து உன் வாயிலேர்ந்து அந்தச் செதிலை நோண்டி எடுத்தாரா?" அம்மா குரலை உயர்த்தவே இல்லை. கொடுத்த வாக்கை முற்றத்திலும் காப்பாற்றினாள். "வாடி, போலாம்" என்று என் தோளைப் பிடித்து எழுந்தாள். தங்கையிடம் திரும்பி, யாரோ ஒரு வழிகாட்டியிடம் சொல்வதுபோல, "நல்லா சொன்னீங்க. வரேங்க" என்றாள்.

அன்று சித்தி வீட்டில் சாப்பிடவில்லை என்று சித்தப்பா போன் செய்தார். அவர் ஒரு வாரத்துக்குப் பேசுகிற அளவுக்கு அன்று பேசினார். "என்னதான் நடந்துச்சு? குழாயைத் தெறந்துவிட்டுட்டு முகத்தைக் கழுவிக்கிட்டே நிக்கிறா. மூஞ்சி தேஞ்சிடப் போகுது."

மறுநாள் காலையில் சித்தியே அழைத்தாள். "நீ மட்டும் வா. நான் சார்கிட்ட பேசணும். தனியாப் போனா திரும்பி வந்துடுவேன்."

சுரண்டல் சாரின் அறை பழைய சமையற்கட்டு. இருட்டுப் படி தொடங்குகிற இடம். மேசை முழுக்கச் சின்னச்சின்னக் கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை வண்ணத்தூள். சித்தி உட்காரவில்லை. நின்றபடியே, பாடம் ஒப்பிப்பதுபோல எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: நேர்முகத்தில் சொன்ன பொய், கால் பங்கு அறை, செதில், தீ ஊதும் விளக்கு, டப்பா அடியில் மிஞ்சிய பச்சை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"அன்னைக்கு விளக்கு பிடிச்சது நீங்கதானே?"

"நான்தான் சார்."

"கை தட்டின மாதிரிகூட ஞாபகம்."

"தட்டினேன் சார்."

பச்சைத்தூள் இருந்த குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "தூளை சோதனைக்கு அனுப்பியிருக்கணும். சந்தேகமே வரல. ஆசைப்பட்டது கிடைச்சா யாருக்குச் சந்தேகம் வரும்?" என்றார். பிறகு, சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒரு முகத்தோடு, "இந்தப் பச்சையைப் பத்தி மூணு நாட்டுல போய்ப் பேசிட்டு வந்துட்டேன்மா. போன எடத்துலயும் கைதட்டினாங்க" என்றார்.

சித்தி திட்டு வாங்கவே போயிருந்தாள். அவர் திட்டவில்லை. வேலையை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தணித்து, "கொஞ்ச நாள் பொறுக்க முடியுமா? தெருவே அடிச்சிருக்கு. உத்தரவு போட வெச்சதே நான்தான். அந்த மளிகைக்காரர் முகத்துல எப்படி முழிப்பேன்?" என்று கேட்டார். நேற்று காலணியைப் பார்த்துக்கொண்டு நின்ற சித்தியின் முகமும் இதேபோலத்தான் இருந்தது. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

"அடுத்த குழு வந்துடும் சார். ஜன்னல்கிட்ட போய் நான் என்ன சொல்றது?"

"எதுவும் சொல்லாதீங்க. ஜன்னலை விட்டுடுங்க. கூரையைக் காட்டுங்க."

வெளியே வந்ததும் சித்தி சுவரில் சாய்ந்துகொண்டாள். "பாத்தியா? சொல்லாதேன்னு அவரே சொல்லிட்டாரு" என்றாள். நிம்மதியாகச் சொல்கிறாளா, நொந்து சொல்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரிந்திருக்காது.

அன்றைய குழு பள்ளி ஆசிரியர்கள். சித்தி அவர்களை மாடிக்கு அழைத்துப் போனாள். நான் கடைசியாக நடந்தேன். வரவேற்பறையில் கணப்பைக் காட்டினாள், கூரையைக் காட்டினாள். குடித்தனக் காலம் வந்தது.

"பிறகு இங்கே பல குடும்பங்கள் வசித்தன" என்றாள். நிறுத்தினாள். சீரழித்தார்கள் என்ற வரி வரவில்லை. அவள் கை ஒருமுறை கூரை மூலையை நோக்கி உயர்ந்து, பாதியில் இறங்கியது. "இந்த மூலையில் ஒரு குடும்பம் சமைத்தது. கணப்பின் புகைபோக்கி அடைத்துக் கிடந்தது. அதனால் கரி."

அடுத்தது ஜன்னல். அவள் அதைத் தாண்டி மூன்றடி நடந்துவிட்டாள். அவ்வளவுதான், விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். நின்றாள். திரும்பி வந்தாள்.

"இந்தப் பச்சை வியாபாரி அடித்தது என்று கையேட்டில் இருக்கிறது. அது தவறு. இந்த அறையில் குடியிருந்த ஒரு பேருந்துப் பணிமனைத் தொழிலாளி அடித்தது. அவருடைய குழந்தை பழைய பெயின்ட்டைப் பிய்த்துத் தின்றது. அதனால் முழுக் கதவையும் சுட்டுச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்தார். அவர் அடித்ததால்தான் இந்தக் கதவு இன்னும் இருக்கிறது."

ஆசிரியர்கள் கதவருகே நெருங்கினார்கள். ஒரு இளம் ஆசிரியை விரலால் அந்தப் பச்சையைத் தொட்டாள். "ஐயோ பாவம், கொழந்தை பொழச்சுதா?"

"பொழச்சுது."

"அந்தக் குடும்பம் இப்ப எங்க இருக்காங்க மேடம்?"

சித்தியின் கழுத்து சிவந்தது. கைக்குட்டையைச் சரிசெய்தாள்.

"தெரியலைங்க" என்றாள்.

குழு அடுத்த அறைக்குப் போனது. நான் ஜன்னலருகிலேயே நின்றுவிட்டேன். அடுத்த அறையிலிருந்து அவள் குரல் கேட்டது. வழக்கத்தைவிட உரத்து, இரண்டு மொழியிலும் தடங்கல் இல்லாமல், மேசை நாற்காலிகளின் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. "சொன்னாளா?"

"சொன்னாங்கம்மா."

"என்ன சொன்னா? அப்படியே சொல்லு, நீயா எதுவும் சேக்காத."

அப்படியே சொன்னேன். சுட்டது, சுரண்டியது, கதவு இன்னும் இருப்பது. அந்த ஆசிரியை கேட்ட கடைசிக் கேள்வியை மட்டும் சொல்லவில்லை. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவது முறையும் சொல்லச் சொன்னாள். இரண்டாவது முறையும் அதே இடத்தில் நிறுத்தினேன்.

சாயங்காலம் சித்தியே வந்தாள். கழுத்தில் கைக்குட்டை அப்படியே இருந்தது, அட்டையைக்கூடக் கழற்றவில்லை. அம்மா அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாடி, வா. இவ எல்லாம் சொன்னா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சித்தி என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் தவிர்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எல்லாம் சொல்லியிருக்க மாட்டா" என்றாள். நாற்காலியில் உட்காராமல், அம்மாவின் காலடியில், தரையில் உட்கார்ந்துகொண்டாள். "ஒரு பொண்ணு கேட்டாக்கா, அந்தக் குடும்பம் இப்ப எங்கன்னு. தெரியலைன்னு சொல்லிட்டேன். நான்தான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வரலக்கா. பொழச்ச கொழந்தை நான்தான்னு சொல்ல எனக்கு அவ்வளவு வெக்கமா இருந்துச்சு. எதுக்கு வெக்கம்னுகூட இப்ப எனக்குத் தெரியல. ஆனா இருக்கு. போகமாட்டேங்குது."

அம்மாவின் முகத்திலிருந்த மலர்ச்சி மெல்ல வடிந்தது. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் தங்கையின் கழுத்திலிருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், அது இறுகிப்போயிருந்தது. நகத்தால் நிமிண்டிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்குக் கூட்டம் வருதா?"

"வருது."

"நாளைக்குச் சொல்லு."

"நாளைக்கும் வராதுக்கா."

"அப்ப நாளன்னைக்கு."

"நாளன்னைக்கு லீவுக்கா. வீடு தெறக்கமாட்டாங்க."

"சரி, அதுக்கு மறுநாள்" என்றாள் அம்மா.